காலை எட்டு மணி மாத்திரை

ஏபிளாஸ்டிக் அனீமியா நோயாளி ஒருவரை வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், செய்யக் கூடாதவை என்று நீளமாக ஒரு பட்டியல் சொல்வார்கள். மண்ணைக் கிளறக் கூடாது. கொட்டகையில் சாணி அள்ளக் கூடாது. வைக்கோல் உதறக் கூடாது. பழைய சோறு வேண்டாம். பூஞ்சணம் பிடித்த எதன் பக்கத்திலும் போகாதீர்கள். வெள்ளையணுக்கள் சரிந்து கிடக்கும் உடம்பில், மற்றவர்கள் தும்மித் தள்ளிவிடுகிற ஒரு பூஞ்சணத் துகள் நுரையீரலில் தங்கி ஆளையே சாய்த்துவிடும். களத்தில் மக்காச்சோளக் கதிர் குவித்து, தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்டு வாழ்கிற வாலிகண்டபுரம் பக்கத்து வீட்டில், இந்தப் பட்டியலைக் கேட்பவருக்கு ஊரை விட்டே போகச் சொன்னதுபோல் இருக்கும்.

அதே கையில் ஒரு மாத்திரை அட்டையையும் கொடுப்பார்கள். உலோகத் தாள் உறைக்குள் மெத்தென்று ஒரு கேப்ஸ்யூல். உறையைக் கிழித்ததும் மூக்கைச் சுளிக்கவைக்கும் வாடை. சைக்ளோஸ்போரின். காலை எட்டு மணிக்கு ஒரு வேளை, இரவு எட்டு மணிக்கு ஒரு வேளை. பார்த்தால் தொழிற்சாலைச் சரக்கு. ஆனால் அது விளைந்தது பூஞ்சணத்தில். அந்தப் பூஞ்சணம் கிடைத்தது ஒரு கைப்பிடி மண்ணில்.

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் பெரம்பலூரைத் தாண்டியதும் வாலிகண்டபுரத்தைக் கடந்திருப்பார்கள். வாலி வழிபட்டதாகச் சொல்லப்படும் வாலீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். சுற்றிலும் கரிசலும் செம்மண்ணும் கலந்த வானம் பார்த்த பூமி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இந்த நோய் இங்கே அதிகம் என்று சொல்ல நான் வரவில்லை. எங்குமே இது அபூர்வம். ஐரோப்பாவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் இரண்டு பேருக்கு வருகிறது. தாய்லாந்தில் நடந்த, 2006-ல் வெளியான பெரிய ஆய்வு அங்கே அதுபோல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று காட்டியது. பெரம்பலூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 5.65 லட்சம் பேர். அந்த விகிதங்களைப் போட்டுப் பார்த்தால் மாவட்டம் முழுவதற்கும் ஆண்டுக்கு ஒருவர் முதல் மூவர் வரை. ஒரு கிராமத்து மருத்துவர் தம் வாழ்நாளில் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் ஓய்வுபெற்றுவிடலாம். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வரும். இடிக்காமலே தொடையில் ஊதாத் திட்டு. பெண்களுக்கு மாதவிடாய் நிற்காமல் போகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் இருபதாயிரத்துக்குக் கீழே. நம் ஊரில் பிளேட்லெட் குறைந்தது என்றால் எல்லோர் வாயிலும் வருவது டெங்கு. பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் குடிநீரும் வந்துவிடும். டெங்குவில் சரிந்த பிளேட்லெட் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே ஏறிவிடும். இங்கே ஏறாது. வெள்ளையணு, சிவப்பணு, பிளேட்லெட் மூன்றும் சேர்ந்து இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்கும். மூன்று வரிசையும் ஒன்றாகச் சரிந்த ரிப்போர்ட்டைப் பார்க்கிற மருத்துவர் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரிச் சீட்டு எத்தனை சீக்கிரம் எழுதப்படுகிறதோ, அத்தனை நல்லது.

நல்ல நிலையில் இருக்கும் மஜ்ஜை நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்கி அனுப்புகிறது. சிவப்பணு 120 நாள் வாழும். பிளேட்லெட்டுக்கு ஆயுள் பத்து நாள். வெள்ளையணுவில் முக்கியமான வகைக்கு ஒரு நாள்கூட முழுதாக இல்லை. அதனால்தான் இந்த ஆலை நின்றதும் ரத்தம் கசிவதும் காய்ச்சல் வருவதும் முந்திக்கொள்கின்றன. சோகை பின்னால் வந்து சேர்கிறது. 1888-ல் பெர்லினில் பால் எர்லிக் ஓர் இளம் கர்ப்பிணியின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது, சிவந்திருக்க வேண்டிய மஜ்ஜை வெறும் கொழுப்பாகக் கிடந்ததைப் பார்த்து எழுதிவைத்தார். இந்த நோயின் முதல் பதிவு அது. ஆலை ஏன் நின்றது என்று தெரிய அதன்பின் எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன. பெரும்பாலானவர்களிடம் நடப்பது இதுதான்: கிருமியோடு சண்டை போட வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள், சொந்த மஜ்ஜையின் விதைச் செல்களையே எதிரி என்று எண்ணி அழிக்கின்றன. ஏன் அப்படித் திரும்புகின்றன என்பதற்குப் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் காரணமே கிடைப்பதில்லை. தாய்லாந்து ஆய்வு பென்சீன், சில பூச்சிமருந்துகள் ஆகியவற்றோடு தொடர்பு கண்டது. 2017-ல் இதே பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் நச்சேறி இறந்தார்கள். அது வேறு வகை, உடனடி நஞ்சு. அதையும் மஜ்ஜை நோயையும் ஒன்றாக்கிப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் கைத்தெளிப்பானோடு காட்டில் இறங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆய்வு நினைவுக்கு வந்துவிடுகிறது.

மருந்தின் கதைக்கு வருவதற்கு முன் இன்னொரு மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்து, மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்குள் மருந்துப் புதையல் இருப்பது தெரிந்துவிட்டது. வெனிசுலாவின் கராகஸ் அருகே எடுத்த மண்ணிலிருந்து 1947-ல் குளோராம்ஃபெனிகால் கிடைத்தது. டைபாய்டை ஓடஓட விரட்டியது. குளோரோமைசெட்டின் என்ற பெயரில் நம் வீடுகளில் இரண்டு தலைமுறை அதை விழுங்கியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய இருபத்தைந்தாயிரம் முதல் நாற்பதாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் மஜ்ஜை அடியோடு பட்டுப்போனது. 1950 வாக்கிலேயே எச்சரிக்கைகள் வந்துவிட்டன. மண் கொடுத்த ஒரு மருந்து இந்த நோயையும் கொடுத்தது. அதை மறக்காமல்தான் அடுத்த மண்ணைப் பற்றிப் பேச வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் என்ற மருந்துக் கம்பெனி. அங்கே 1950-களின் கடைசியிலிருந்து ஒரு வழக்கம். ஊழியர்கள் வேலையாகவோ விடுமுறையிலோ வெளியூர் போனால் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளை எடுத்துப்போய், போன இடத்து மண்ணைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வரவேண்டும். 1969-ல் ஹான்ஸ் பீட்டர் ஃப்ரை என்ற ஊழியர் விடுமுறைக்கு நார்வே போனார். ஹார்டாங்கர்விடா என்ற மேட்டுச் சமவெளி. மரமில்லாத, பாசியும் கல்லும் ஏரியுமான, ஆண்டில் பாதி பனி மூடிய நிலம். அங்கே அள்ளிய மண் பாசலுக்கு வந்தது. அதில் வளர்ந்த ஒரு பூஞ்சணத்துக்குப் பின்னாளில் டோலிபோகிளாடியம் இன்ஃப்ளேட்டம் என்று பெயர் நிலைத்தது.

மண்ணில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 1996-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தி ஹாட்ஜும் சகாக்களும், இது வண்டுப் புழுவின் உடலுக்குள் புகுந்து அதைத் தின்று வாழும் ஒரு பூஞ்சணத்தின் மறு வடிவம் என்று கண்டார்கள். நம் எருக்குழியைக் கிளறினால் வெள்ளை வெளேரென்று சுருண்டு கிடக்குமே, அந்த இனத்துப் புழு.

பாசலில் முதலில் தேடியது பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்தை. அந்த வகையில், இந்தப் பூஞ்சணம் தந்த சரக்கு தேறவில்லை. மிகச் சில பூஞ்சணங்களைத்தான் தடுத்தது. குப்பைக்குப் போயிருக்க வேண்டியது. எலிகளுக்கு அது நஞ்சாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வேறு பரிசோதனைகளுக்கும் அனுப்பிவைத்தார்கள். ஹார்ட்மன் ஷ்டேஹலின் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு சாமர்த்தியமான சோதனை முறை இருந்தது. ஒரே எலியில், மருந்து உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறதா, பெருகும் செல்களைக் கொல்கிறதா என்று இரண்டையும் சேர்த்தே பார்ப்பது. 1972 ஜனவரி கடைசியில் முடிவு வந்தது. எதிர்ப்புச் சக்தி நன்றாக அடங்கியிருந்தது. செல்கள் சாகவில்லை.

மஜ்ஜை நோயாளிக்கு இதுதான் எல்லாம். அதுவரை எதிர்ப்புச் சக்தியை அடக்க இருந்த மருந்துகளில் முக்கியமானவை பெருகுகிற செல்களை வெட்டிச் சாய்ப்பவை. உடம்பில் மஜ்ஜையைவிட வேகமாகப் பெருகுவது ஏது? எதிரியை அடிக்கப் போய் முதலில் மஜ்ஜையைத்தான் அடிக்கும். ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் மஜ்ஜைக்கு அதைக் கொடுப்பது எப்படி? இந்தப் புதிய பொருள் அடிக்கவே இல்லை. டி செல்கள் படை திரட்ட முரசு கொட்டும் அல்லவா, அந்த முரசை ஒலிக்கவிடாமல் செய்தது, அவ்வளவுதான். படைவீரன் இருக்கிறான், அழைப்பு வரவில்லை, சண்டைக்குக் கிளம்பவில்லை. மருந்தை நிறுத்தினால் முரசு மறுபடி ஒலிக்கும். அந்த நல்லதும் கெட்டதும் இரண்டும் நோயாளியின் வாழ்க்கையில் கடைசிவரை கூட வருகின்றன.

இதைக் கண்டுபிடித்த பெருமை பெரும்பாலும் ழான் போரல் பெயரில் போனது. ஷ்டேஹலின் தம் பங்கு மறைக்கப்பட்டதாகப் பின்னாளில் எழுதினார். இருவருமே அந்தப் பெருமையில் நியாயமான பங்குக்கு உரியவர்கள் என்றுதான் நான் எண்ணுகிறேன். பொருத்திய உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கத்தான் இத்தகைய மருந்து தேவைப்பட்டது. ஆனால் மாற்று உறுப்புச் சிகிச்சை அன்று சிறிய சந்தை. வேலையைத் தொடர்வதா என்று கம்பெனிக்குள்ளேயே தயக்கம் இருந்தது. பொருளை வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் சேரவில்லை என்ற சிக்கல் வேறு. ஆராய்ச்சியாளர்கள் தாங்களே ஆளுக்கொரு விதமாகக் கலந்து குடித்துப் பார்த்தார்கள். சாராயத்தில் கரைத்துக் குடித்த போரலின் ரத்தத்தில் அது சேர்ந்தது, அவருக்குக் கொஞ்சம் போதையும் ஏறியது. பிறகு கேம்பிரிட்ஜில், ராய் கால்னின் அறுவைச் சிகிச்சைக் குழுவில் வேலை பார்க்க வந்திருந்த கிரேக்க மருத்துவர் அல்கிஸ் கொஸ்டாகிஸ் அதை ஆலிவ் எண்ணெயில் கரைத்து எலிகளுக்குக் கொடுத்தார். மாற்று இதயம் பொருத்திய எலிகள் எதிர்பாராத அளவுக்குப் பிழைத்துக் கிடந்தன. எண்ணெயில்தான் இது உடம்பில் ஏறும் என்று தெரிந்தது. இன்று மெத்தென்ற அந்தக் கேப்ஸ்யூலுக்குள் எண்ணெயும் கொஞ்சம் ஆல்கஹாலும் இருப்பதற்கும், உறையைக் கிழித்ததும் வரும் வாடைக்கும் பூர்விகம் அது.

1978-ல் மனிதருக்குக் கொடுத்தார்கள். சிறுநீரக மாற்றில் கால்ன். மஜ்ஜை மாற்றில், லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் ரே பவுல்ஸ். மஜ்ஜை மாற்றில் ஒரு தலைகீழ் ஆபத்து உண்டு. புதிதாக ஏற்றிய மஜ்ஜையின் செல்கள், தங்கியிருக்கும் உடம்பையே அந்நியம் என்று எண்ணித் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும். அதைத் தடுக்க சைக்ளோஸ்போரின் கைகொடுத்தது. 1983-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது.

அதே 1983-ல் இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானி தலைமையில் நடந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1986-ல், நம் வேலூர் சி.எம்.சி.யில் மாம்மென் சாண்டி தொடங்கினார். வேலூரில் ஓர் அறை திறந்ததால் வடக்கே வங்காளத்திலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். தங்கும் விடுதிகள் பெருகின, மருந்துக்கடைப் பலகைகளில் வங்காள எழுத்து ஏறியது. மாற்று செய்துகொண்டவர்கள் திரும்பிப் போகும்போது பையில் எடுத்துப் போனது இந்த வாடை மருந்தைத்தான்.

மாற்றுக்கு எல்லோரும் தகுதிப்பட மாட்டார்கள். உடன்பிறந்தவரின் திசு பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பொருந்திய உறவு இல்லாதவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் வேறு வழி உண்டு. டி செல்களுக்கு எதிராகக் குதிரையின் உடம்பில் உண்டாக்கப்பட்ட ஏ.டி.ஜி. என்ற மருந்தை நாலு நாள் நரம்பில் ஏற்றி, அதன்பின் மாதக்கணக்கில் சைக்ளோஸ்போரின். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பலன் கூடுகிறது என்று 1991-ல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு நிரூபித்தது. 2011-ல் அமெரிக்காவில், குதிரை ஏ.டி.ஜி.யோடு சைக்ளோஸ்போரின் பெற்றவர்களில் 68 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் ரத்தம் தேறியது. முயலில் தயாரித்ததற்கு 37 சதவீதம்தான். பிறகு எல்ட்ராம்போபாக் என்ற மாத்திரையும் கூடச் சேர்ந்துகொண்டது. மஜ்ஜைச் சிகிச்சையில் குதிரையும் பூஞ்சணமும் சேர்ந்து உழைக்கின்றன.

நம் நாட்டில் பலரால் குதிரையைத் தொட முடிவதில்லை. ஏ.டி.ஜி. என்றால் லட்சங்களில் செலவு, அதோடு வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்கல். அதனால் சைக்ளோஸ்போரினோடு டானசோல், ஸ்டானோசோலால் மாதிரி மாத்திரைகளை மட்டும் சேர்த்துக் கொடுக்கிற வழி இந்தியாவில் பரவலாக இருக்கிறது. முழுச் சிகிச்சைக்கு அது ஈடு இல்லை. ஆனாலும் சிலருக்குப் பிளேட்லெட் ஏறி, ரத்தம் ஏற்றும் இடைவெளி நீண்டு, வாழ்க்கை மீண்டிருக்கிறது. வசதியில்லாதவனுக்கு அந்த நார்வே மண்தான் முதலும் கடைசியுமான மருந்து.

அதன் விலையும் ஒரு காலத்தில் பயமுறுத்தியது. சிறுநீரக மாற்று செய்த இந்திய மருத்துவர்கள் ஒரு யுக்தி கண்டார்கள். கீட்டோகோனசோல், டில்டியசெம் போன்ற மருந்துகளைக் கூடக் கொடுத்தால் கல்லீரல் சைக்ளோஸ்போரினை மெல்லச் சிதைக்கும். குறைந்த அளவு கொடுத்தாலே ரத்தத்தில் போதுமான அளவு நிற்கும். கீட்டோகோனசோல் பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து. பூஞ்சணம் தந்த மருந்தின் செலவை அது குறைத்துக் கொடுத்தது. பிறகு பனேசியா பயோடெக்கும் மற்றவர்களும் இங்கேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்று அது இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, விலைக்கு உச்சவரம்பு உண்டு. அங்கே பாசலில் சாண்டோஸ் 1996-ல் சீபா-கெய்கியோடு சேர்ந்து நோவார்ட்டிஸ் ஆகிவிட்டது.

இப்படி நார்வேயிலிருந்து கிளம்பியது வாலிகண்டபுரத்து வீட்டுப் பிறையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இனி அது நோயாளியோடு வாழ வேண்டிய காலம்.

ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் காலையில் ஒரு நூறும் ஒரு இருபத்தைந்தும், இரவில் அதேபோல. நடுவில் பன்னிரண்டு மணி நேரம். உறையைக் கிழித்து முன்கூட்டியே டப்பாவில் போட்டுவைக்கக் கூடாது, விழுங்கும்போதுதான் பிரிக்க வேண்டும். ஒரு கம்பெனி மருந்திலிருந்து இன்னொன்றுக்குத் தானாக மாறக் கூடாது, உடம்பில் ஏறும் அளவு மாறிவிடும். பம்பளிமாஸ் பழம் தின்னக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் இந்த மருந்து ரத்தத்தில் நிற்கவே நிற்காது. அதனால் வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சாப்பிடுவதை முதலில் சொல்ல வேண்டும்.

பலன் உடனே தெரியாது. மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம். அதுவரை ரத்தமும் பிளேட்லெட்டும் ஏற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பலன் வருவதற்கு முன்பே தொல்லைகள் வந்துவிடும். கை நடுங்கும், டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் ஆடும். ஈறு தடித்துப் பல்லை மூடும். ரத்த அழுத்தம் கூடும், சிறுநீரகம் களைக்கும், கிரியேட்டினின் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முகத்திலும் கையிலும் முடி வளரும். கல்யாணப் பேச்சு நடக்கும் வயதுப் பெண்ணுக்கு அந்த முடிதான் நோயைவிடப் பெரிய துயரம். கண்ணாடி பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. மருந்தை நிறுத்தினால் அந்த முடி போய்விடும், நிலையாக நிற்காது. இதை முதல் நாளே அந்தப் பெண்ணிடம் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியது மருத்துவர், செவிலியர் கடமை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

வீட்டாருக்கும் ஊராருக்கும் தெரிய வேண்டியவை சில. காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த இரவே ஆஸ்பத்திரி. உடம்பு வலி என்று இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது, பிளேட்லெட் இல்லாத உடம்பில் ஊசி போன வழியெல்லாம் ரத்தம் கட்டும். ஆஸ்பிரின், புரூஃபன் வகை வலி மாத்திரைகள் கூடாது. மாதவிடாய் ரத்தப்போக்கை நிறுத்திவைக்க மாத்திரை இருக்கிறது, கூச்சப்படாமல் கேட்க வேண்டும். இன்னொன்று கேட்கவே கஷ்டமானது: ரத்தம் தேவை என்றதும் அண்ணனோ தம்பியோதான் முதலில் கையை நீட்டுவான். ஆனால் நாளை மஜ்ஜை கொடுக்க வேண்டியவன் அவனாக இருக்கலாம். அவன் ரத்தத்தை முன்பே ஏற்றிவிட்டால் நோயாளியின் உடம்பு அவனை எதிர்க்கப் பழகிவிடும், பிறகு மஜ்ஜை ஒட்டாமல் போக வாய்ப்பு கூடும். உடன்பிறந்தவன் காத்திருக்கட்டும். ஊரார் கொடுக்கட்டும். இந்த நோயில் ஊராரின் ரத்தம்தான் உறவு செய்ய வேண்டியதைச் செய்கிறது.

ஊரில் சின்ன வெங்காயம் அறுவடை, மக்காச்சோளம் உடைப்பு என்று வந்தால் இவர் வீட்டுக்குள்ளே. சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்ற பேச்சு காதில் விழும். வெளியே பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருப்பார். மூன்று எண்கள் எழுதிய காகிதம் ஒன்றுதான் அவர் நோயாளி என்பதற்குச் சாட்சி. மாதாமாதம் அந்தக் காகிதத்தை வாங்கி, போன மாதக் காகிதத்தோடு வைத்துப் பார்க்கிறபோது வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிளேட்லெட் பன்னிரண்டாயிரம் பதினெட்டாயிரமானால் அன்று வீட்டில் பாயசம்.

மருந்து அளவைப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. காலை வேளை மாத்திரையை விழுங்குவதற்கு முன், முந்தின இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, ரத்தம் எடுக்க வேண்டும். அளவு கூடியிருந்தால் சிறுநீரகம் கெடும், குறைந்திருந்தால் மஜ்ஜை கெடும். இந்தச் சோதனை எல்லா ஊரிலும் நடப்பதில்லை. வாலிகண்டபுரத்திலிருந்து வேலூர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பெரம்பலூரில் பஸ் பிடித்து, உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர் என்று மாறி மாறிப் போக வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் கொஞ்சம் கிட்டே, விழுப்புரம் வழியாக. எட்டு மணிக்குப் பஸ்ஸில் இருந்தால் பஸ்ஸிலேயே தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரவு வேளையை விழுங்குவார்கள். விடிகாலை இறங்கி, மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, ரத்தம் எடுக்கும் வரிசையில் போய் நிற்பார்கள்.

தேறியவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது. மருந்தைக் குறைக்கும் காலத்தில்தான் அது அதிகம். அதனால் ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்து, பிறகு மாதக்கணக்கில் மெதுவாக இறக்குவார்கள். கவுன்ட் ஏறிவிட்டதே என்று தானாக நிறுத்துகிறவர்கள், கடையில் சரக்கு இல்லை என்று பத்து நாள் விட்டுவிடுகிறவர்கள், பஸ் காசு இல்லாமல் சோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள், இவர்களிடம்தான் முரசு மறுபடி ஒலிக்கிறது. சாதாரண மருந்துக்கடை இதை இருப்பில் வைப்பதில்லை, சொல்லிவைத்து வாங்க வேண்டும். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அரசு மருத்துவமனைகளில் இந்தக் கேப்ஸ்யூலை நிரந்தரமாக இருப்பு வைத்து, அளவுப் பரிசோதனைக்கு ரத்தத்தை அங்கேயே எடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தால், மாதம் ஒரு இரவு பஸ்ஸில் கழிவது மிச்சமாகும். ஆண்டுக்கு மூன்று பேருக்காகவா என்று கேட்கலாம். அந்த மூன்று பேரில் ஒருவர் நம் வீட்டில் இருக்கும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. அரசு இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை, இந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அளவுப் பரிசோதனைக்குப் போகிற நாளில் காலை வேளை கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டுக் கிளம்பாதீர்கள். உறையோடு பையில் எடுத்துப் போங்கள். ரத்தம் எடுத்து முடித்ததும், அங்கேயே, அப்போதே, பிரித்து விழுங்குங்கள்.